பாதி அடித்த ஆணிகள்

என் வீட்டுச் சமையலறைக்கும் புவனேஸ்வரன் அண்ணன் வீட்டுப் பின்கட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். புக்கிட் பெருவாங்கில் இந்த வரிசை வீடுகளைக் கட்டியவன் சிமெண்டை எங்கே மிச்சம் பிடித்தான் என்று கேட்டால் அந்தச் சுவரைத்தான் காட்டுவேன். அங்கே கரண்டி விழுந்தால் எனக்குக் கேட்கும். நான் இங்கே தும்மினால் அவர் மனைவி ஜானகி அங்கேயிருந்தே, "சளியா சாந்தி? கஷாயம் போட்டுத் தரவா?" என்பாள். பதினெட்டு வருஷமாக இப்படித்தான். ஆகவே நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததில் அதற்கும் பங்கு இருக்கிறது.

அண்ணன் ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருஷம் மெஷின் பழுது பார்த்தவர். ஓய்வு பெற்ற முதல் மாதத்தில் கழற்றி மாட்ட ஒன்றும் கிடைக்காமல் ஜானகியின் மிக்சியைக் கழற்றினார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்சி. இரண்டாம் முறையும் கழற்றியபோது ஜானகி ஜோகூரில் இருக்கும் மகளுக்கு ஃபோன் போட்டு அழாத குறையாகச் சொன்னாள். மகள் திவ்யதர்ஷினி ஆன்லைனில் ஒரு பெட்டி வாங்கி அனுப்பினாள். பெட்டி நிறைய மரச்சட்டமும் மெல்லிய பட்டைகளும். எல்லாவற்றையும் சேர்த்தால் பழைய காலத்துப் பாய்மரக் கப்பல் ஒன்று, இரண்டு முழ நீளத்தில் வருமாம்.

"அண்ணே, ஆத்தங்கரையில மியூசியம்னு அவ்ளோ பெரிய கப்பல் நிக்கிதே. டிக்கெட் வாங்கி ஏறிப் பாத்துட்டு வந்தா பத்தாதா?" என்று கேட்டேன்.

"அது யாரோ கட்னதுலா, சாந்தி."

பின்கட்டில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்துவிட்டார். முதலில் முதுகெலும்பு. அதில் குறுக்காக விலாச் சட்டங்கள். பார்ப்பதற்குத் தின்று முடித்த மீன் மாதிரி இருந்தது. அதன்மேல்தான் பட்டைகளை ஒட்டிக் கப்பலுக்கு உடம்பு கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பட்டையும் சுண்டுவிரல் அகலம், ஐஸ்கிரீம் குச்சியில் பாதிக் கனம். நான் மதிலுக்கு மேலே எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குப் பாடம் எடுக்க ஆள் கிடைத்த சந்தோஷம்.

"சுடுதண்ணியில இருவது நிமிசம் ஊறப் போடணும். ஊறினாத்தான் வளையும். விலாவுல பசை தடவி, பட்டைய வளைச்சி ஒட்டி, மேல சின்ன ஆணி. முழுசா அடிக்கக் கூடாது, பாதிதான். பசை காயற வரைக்கும் ஆணி புடிச்சிக்கும். காஞ்சதும் புடுங்கிடலாம்."

"புடுங்கறதுக்கு எதுக்கு அடிக்கறீங்க?"

"மரம் சும்மா கெடக்காது. நேரா நிமிரணும்னே பாக்கும். ஒரு நா முழுக்க அமுக்கிப் புடிச்சாத்தான் அடங்கும். அப்புறம் இன்னொன்னு. இடது பக்கம் ஒரு பட்டை ஒட்டினா ஒடனே வலது பக்கமும் ஒண்ணு ஒட்டணும். ஒரே பக்கமா ஒட்டிக்கிட்டுப் போனா முதுகு கோணிக்கும். அதுக்கப்புறம் வைத்தியமே இல்ல."

பக்கத்துக்கு நான்கு பட்டை ஏறியிருந்தபோது திவ்யா வந்து சேர்ந்தாள்.

அவளுக்கு இது மூன்றாவது. முன்னே இரண்டும் மூன்றாம் மாதத்திலேயே கலைந்துவிட்டன. இது ஐந்து மாதம் தாண்டிவிட்டது. மருமகன் நிவேந்திரன் விடியுமுன்னே பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர், இருட்டிய பிறகுதான் வீடு வருவார். டாக்டர் ஓய்வு எடுக்கச் சொன்னதால் ஜானகி போய்க் கையோடு அழைத்துக்கொண்டு வந்தாள். முன்பு இந்த வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி சிரிக்கிற பெண். இப்போது வாசலில் கார் வந்து நின்றபோது என்னைப் பார்த்து, "நல்லாருக்கீங்களா ஆன்ட்டி" என்றாள், அதோடு சரி. வயிற்றைத் தொடக்கூடப் பயந்தவள் மாதிரி இரண்டு கைகளையும் தள்ளியே வைத்திருந்தாள்.

வந்த அன்றைக்கே ஜானகி சட்டம் போட்டாள். அவள் லூபோக் சீனா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்துக்கு இந்தப் பக்கம் மலாய்க் கிராமமான கம்போங், அந்தப் பக்கம் சீனர் கடை வரிசை. செய்யக்கூடாது என்று எந்த வீட்டில் யார் எதைச் சொன்னாலும் அவள் அதைச் சேர்த்து வைத்துக்கொள்வாள். பந்தாங் என்று மலாயில் சொல்லும் அந்த விலக்குகள் அத்தனையும் அவளுக்கு மனப்பாடம்.

"புள்ளத்தாச்சி இருக்கற வீட்டுல ஆணி அடிக்கக் கூடாது. கயிறு கட்டக் கூடாது. ஓட்டைய அடைக்கக் கூடாது. கட்டில இழுக்கக் கூடாது. கேட்டுக்குங்க."

"பசை?" என்றார் அண்ணன்.

ஜானகி யோசித்தாள். "பசைக்கு யாரும் ஒண்ணும் சொன்னதில்ல."

"அப்போ பாலம் கட்றவன் பொண்டாட்டி முழுகாம இருந்தா பாலத்த நிறுத்திடுவானா?"

"பாலம் அவன் வீட்டுக்குள்ளயா இருக்கு? போன ரெண்டு வாட்டியும் நா பக்கத்துல இல்ல. இந்த வாட்டி நா இருக்கேன். ஆணி அடிக்கக் கூடாதுன்னா அடிக்கக் கூடாது."

அந்தப் பேச்சுக்கு மேலே யார் என்ன சொல்ல முடியும்? அண்ணன் சுத்தியலை அலமாரியில் வைத்துவிட்டார். மறுநாள் எதை எடுத்தாலும் இரண்டு வெள்ளி என்கிற கடைக்குப் போய்த் துணி மாட்டும் கவ்விகள் நாற்பது வாங்கி வந்தார். பட்டையை ஒட்டிக் கவ்வி போட்டார். கவ்வி எட்டாத இடத்தில் ரப்பர் பேண்டு மாட்டினார். ரப்பர் பேண்டு கட்டுவதில் சேருமா என்று புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் அரை நாள் வழக்கு. கடைசியில் என்னிடம் வந்தது. "மாட்டறது வேற, கட்டறது வேற" என்று தீர்ப்புச் சொல்லி அனுப்பினேன்.

இரண்டு வாரம் ஓடியது. பிறகு கப்பலின் வயிறு உள்ளே திரும்பும் இடம் வந்தது. அங்கே கவ்வி பிடிக்க விளிம்பில்லை. ரப்பர் பேண்டு வழுக்கியது. ஒட்டிய பட்டை பத்து நிமிஷத்தில் எழுந்துகொண்டது. மூன்று நாள் அண்ணன் ஒரே பட்டையை ஊறப் போட்டு, ஒட்டி, அது எழுந்துகொண்டதும் மறுபடி ஊறப் போட்டுக்கொண்டிருந்தார். நான்காம் நாள் கப்பலைப் பார்த்தபடி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்து நாற்காலியில் திவ்யா, அவளும் அதேபோல். அப்பாவும் மகளும் ஒரே அச்சு.

அதற்கு அடுத்த வாரம்தான் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

நான் நாலு மணிக்கு முச்சந்தியில் வடைக்கடை போடுகிறவள். இரண்டு மணிக்குப் பருப்பு அரைத்து, வெங்காயம் நறுக்கி, மூன்று மணிக்குச் சட்டியை வைத்துவிடுவேன். ஜானகி இரண்டு மணிக்குப் படுப்பாள், நாலுக்குத்தான் எழுவாள். ஒருநாள் வெங்காயம் நறுக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் டொக், டொக் என்றது. கொஞ்சம் நிறுத்தி, மறுபடி டொக். பல்லி சொல்கிற அளவுச் சத்தம்தான். அதோடு சேர்ந்து ஒரு சிரிப்பு.

"பா, கோணிக்கிச்சி!"

"கோணல. மெதுவா. பாதிதான், பாதி. ஏன் கொல்லங்கணக்கா அடிக்கற?"

"அம்மா எழுந்துட்டா?"

"ஒங்கம்மா தூங்கினா லாரி போனாக்கூட தெரியாது. நீ அடி."

அந்தச் சிரிப்பைக் கேட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. என் கையில் இருந்த கத்தியை வைத்துவிட்டு நின்றுவிட்டேன். பிறகு முதல் ஈட்டு வடையில் ஆறு எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டு பின்கேட் வழியாகப் போனேன். வடை கொடுக்கத்தான் போனேன் என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை.

திவ்யா மேசையோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். வயிறு மேசை விளிம்பில் இடித்துக்கொண்டிருந்தது. உதட்டு நுனியில் மூன்று குட்டிப் பித்தளை ஆணிகள். கையில் பொம்மைச் சுத்தியல் மாதிரி ஒன்று. அண்ணன் இரண்டு கட்டைவிரலாலும் பட்டையை அமுக்கிப் பிடித்திருந்தார். என்னைக் கண்டதும் இருவரும் திருட்டு முழி முழித்தார்கள்.

"ஆன்ட்டி, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, ப்ளீஸ்."

"நா ஏன்மா சொல்றேன்?"

"இது வெளையாட்டு ஆணி மாதிரி, சாந்தி. நாளைக்குப் புடுங்கிடறதுதான" என்றார் அண்ணன். அவர் மகளைப் பார்த்த பார்வையில், இதற்காக அவர் என்ன பொய் வேண்டுமானாலும் சொல்வார் என்று தெரிந்தது.

"இடது பக்கம் என்னுது. வலது பக்கம் அப்பாவுது. பாருங்க ஆன்ட்டி, யாருது நேரா இருக்கு?" என்று கேட்ட திவ்யா, சட்டென்று என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள். "இப்ப பாருங்க. பா, ஒண்ணு அடிங்க."

அண்ணன் ஓர் ஆணியை டொக் என்று தட்டினார். உள்ளேயிருந்து என் உள்ளங்கையில் ஓர் உதை விழுந்தது.

"தட்டினா பதில் சொல்லுது ஆன்ட்டி!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வயிற்றைத் தொடவே பயந்தவள் ஊரார் கையை எடுத்து வைக்கிறாளே. போ, உன் பந்தாங்கும் ஆயிற்று, நீயும் ஆயிற்று என்று மனசுக்குள் ஜானகிக்குச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆறு வாரம் இப்படி நடந்தது. மூன்றரைக்கெல்லாம் வேலையை நிறுத்தி, கப்பலின்மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிடுவார்கள். தூசி பட்டால் பசை பிடிக்காது என்று அண்ணன் ஜானகியிடம் சொல்லி வைத்திருந்தார். அவளும் அந்தத் துணியைத் தூக்கிப் பார்த்ததில்லை.

எட்டாம் மாதம் முடியப் போகிற நேரம். முந்தின நாள் மத்தியானம் நல்ல மழை, சுவரெல்லாம் வியர்த்துக் கிடந்தது. காலை எட்டு மணிக்கு ஜானகி என் கேட்டை ஆட்டினாள்.

"சாந்தி, வயித்துல புள்ளைக்கு ராத்திரியிலருந்து அசைவு இல்லன்னு திவ்யா சொல்றா."

எதிர்வீட்டு மலாய்க்காரர் காரை எடுத்தார். ஜானகியும் திவ்யாவும் ஏறினார்கள். அவசரத்தில் கிளினிக்கில் கொடுத்த கர்ப்பப் பரிசோதனைப் புத்தகத்தை மறந்துவிட்டார்கள். அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் வருகிறேன் என்றார் அண்ணன். கார் போய்விட்டது. கால் மணி ஆகியும் அவர் மோட்டார் சத்தம் கேட்கவில்லை. நான் பின்கேட் வழியாக உள்ளே போனேன்.

அவர் தரையில் மண்டியிட்டிருந்தார். முன்னால் கப்பல். கையில் குறடு. ஒவ்வோர் ஆணியாகப் பிடுங்கிப் பிஸ்கட் டின்னில் போட்டுக்கொண்டிருந்தார். அவசரத்தில் பாதி ஆணிகள் வெளியே சிதறின.

"அண்ணே, என்னா பண்றீங்க? ஆஸ்பத்திரிக்குப் போங்க!"

"எல்லாத்தயும் புடுங்கிட்டா சரியாப் போயிடும், சாந்தி. சரியாப் போயிடும்லா?"

முப்பத்து நான்கு வருஷம் மெஷினோடு பேசியவர். பாலம் கட்டுகிறவன் பெண்டாட்டி என்று கேலி செய்தவர்.

"இன்னும் பதினோரு ஆணிதான்" என்றார்.

நானும் மண்டியிட்டேன். பந்தாங்கையெல்லாம் சட்டை செய்யாதவள் என்றுதான் என்னை நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நகத்தால் பிடுங்கினேன். முந்தின நாள் மழையில் பசை காயவில்லை. கடைசியாக ஒட்டிய மூன்று பட்டைகளில் ஆணியை எடுக்க எடுக்க அவை ஒவ்வொன்றாக எழுந்து வெளியே விரிந்துகொண்டன. மூன்றும் இடது பக்கம்; வலது பக்கத்து மூன்றும் அதற்கு முன்பே காய்ந்திருந்தன. அதைச் சரிசெய்ய யாருக்கு நேரம்? அவர் புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மோட்டாரைக் கிளப்பினார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது நாற்பது நிமிஷம் தாமதம். டாக்டர் அதற்குள் சொல்லி முடித்திருந்தார். அதைக் கேட்டபோது திவ்யா பக்கத்தில் அப்பா இல்லை, புருஷனும் ஜோகூரிலிருந்து வந்து சேரவில்லை. ஜானகி மட்டும்தான் இருந்தாள்.

பெண் குழந்தை. தொப்புள் கொடியில் முடிச்சு விழுந்து இறுகிவிட்டதாம். யாரும் எதுவும் செய்ததால் வருவதில்லை, சில நேரம் இப்படி ஆகிவிடும் என்று டாக்டர் மலாயிலும் ஆங்கிலத்திலும் இரண்டு முறை சொன்னாராம். ஜானகி அதில் ஒரே ஒரு வார்த்தையைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். "முடிச்சாம், சாந்தி. முடிச்சு விழுந்திருக்காம்."

மூன்றாம் நாள். துக்கம் கேட்க வந்தவர்கள் போய்விட்டார்கள். நானும் ஜானகியும் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். கூடத்தில் திவ்யா ஒரு மூலையில், நிவேந்திரன் அவள் பக்கத்தில், அண்ணன் வாசல் நாற்காலியில். ஜானகி தாழ்ந்த குரலில், "இவரு ஆஸ்பத்திரிக்குக் கூட நேரத்துக்கு வரல. எங்க போயி நின்னாரோ" என்றாள்.

அண்ணனை அப்படி நினைக்கிறாளே என்று எனக்குத் தாங்கவில்லை. அவர் பட்ட பாட்டை அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். நல்லதுக்குத்தான் திறந்தேன்.

"அப்படிச் சொல்லாத ஜானகி. அவரு என்னா துடிச்சாரு தெரியுமா? மண்டி போட்டு ஒவ்வொரு ஆணியா புடுங்கிக்கிட்டிருந்தாரு..."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. ஜானகியின் கை கீரைக்குள் நின்றது.

"எத்தன ஆணி?" என்றாள்.

அவள் எழுந்து கூடத்துக்குப் போனாள். "வீட்டுல ஆணி அடிச்சீங்களா?"

அண்ணன் தலையைத் தூக்கினார். மூலையில் திவ்யாவின் உதடு அசைந்தது. அவள் பேசிவிடுவதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"ஆமா. நாந்தான் அடிச்சேன். நா மட்டுந்தான். திவ்யா தூங்கற நேரத்துல."

திவ்யா தலையைக் குனிந்துகொண்டாள். அடுப்படி வாசற்படியில் நின்ற எனக்கும் உண்மை தெரியும். வாயை மூட வேண்டிய நேரத்தில் திறந்தவள், திறக்க வேண்டிய நேரத்தில் மூடிக்கொண்டேன்.

அந்த வாரமே திவ்யா ஜோகூருக்குப் போய்விட்டாள். அப்பாவிடம் சொல்லிக்கொள்ளாமலே காரில் ஏறினாள். அவர் கேட்டைத் திறந்துவிட்டு, கார் திரும்பும் வரை அதைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

பிறகு அந்த வீட்டில் ஐந்து மாதம் பேச்சில்லை. ஜானகி வேளாவேளைக்குச் சமைப்பாள், மேசையில் மூடி வைப்பாள், அறைக்குள் போய்விடுவாள். அவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே மதில் பக்கம் வந்து, "சாந்தி, அவருக்குப் பிரஷர் மாத்திரை இருக்கான்னு கேளு" என்பாள். "இருக்குன்னு சொல்லு சாந்தி" என்பார் அவர். நடுவில் நான் ஒரு தபால்காரி.

சாயந்திரமானால் அண்ணன் என் வடைக்கடைக்கு வந்துவிடுவார். பழைய நாற்காலியில் உட்கார்ந்து காகிதப் பைகளைப் பிரித்து அடுக்கிக் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை என்றால் திவ்யாவைப் பற்றி ஒரே கேள்விதான்.

"பாப்பா ஃபோன் பண்ணிச்சா? சொவத்துல கேட்டுச்சா?"

"பண்ணிச்சி அண்ணே. வேலைக்குத் திரும்பப் போவுதாம். சாப்பாடு எறங்குதாம்."

"என்னையக் கேட்டுச்சா?"

நான் சட்டியில் வடையைத் திருப்பிக்கொண்டிருப்பேன்.

"கேக்காதுலா" என்பார் அவரே. "அதுக்கு என்மேல வெறுப்பு. நாந்தான சுத்தியல கையில குடுத்தேன்."

ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "நா போயி ஜானகிகிட்ட உள்ளதச் சொல்லிடறேன்ணே. நீங்க மட்டும் அடிக்கலன்னு" என்றேன்.

"வேணாம் சாந்தி." அவர் இவ்வளவு கடுமையாக என்னிடம் பேசியதில்லை. "ரெண்டு புள்ள போனப்ப ஒங்கண்ணி பக்கத்துல இல்ல. இந்த வாட்டி இருந்தா. பாப்பாவுக்கு இப்ப அம்மாதான் மிச்சம். அந்த வாயாலயே 'நீயா அடிச்சே'ன்னு ஒரு வார்த்த வந்துட்டா, அது எங்க போவும்? அம்மாகிட்டயாவது பேசட்டும்."

கப்பல் அந்தத் துணிக்கடியிலேயே கிடந்தது. விரிந்த மூன்று பட்டைகளும் அப்படியே காய்ந்துவிட்டன.

எங்கள் தாமான் குடியிருப்பில் குப்பை லாரி செவ்வாய், வியாழன், சனி காலை ஒன்பதுக்கு வரும். ஒரு சனிக்கிழமை வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் கப்பலைத் துணியோடு தூக்கிவந்து குப்பைத் தொட்டி மேல் வைத்தார். ஆணி டின்னையும் பக்கத்தில் வைத்தார். என்னைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். நான் துடைப்பத்தோடு நிற்கிறேன். லாரி அடுத்த தெருவில் திரும்புகிற சத்தம் கேட்கிறது. எடுப்பதா விடுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

ஜானகிதான் வந்தாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய ஈரத்தோடு, காலில் செருப்புகூட இல்லை. கப்பலை இரண்டு கையாலும் எடுத்தாள்.

"அந்த டின்ன எடுத்துக்கிட்டு வா, சாந்தி."

போனேன். அவள் கப்பலைச் சாப்பாட்டு மேசை மேல் வைத்துத் துணியை எடுத்தாள். உடம்பு முழுக்க வரிசை வரிசையாகச் சின்ன ஓட்டைகள். வலது பக்கம் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தன. இடது பக்கம் மேலும் கீழுமாகப் போயின. ஜானகி இடது பக்க ஓட்டைகளை விரலால் தடவிக்கொண்டே போனாள். அண்ணன் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் அவரோடு பேசவில்லை. கைபேசியை எடுத்து மகளைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, கப்பல் பக்கத்தில் வைத்தாள்.

"மா? என்னா இந்நேரத்துல?"

"ஒங்கப்பா கப்பலத் தூக்கி குப்பையில போட்டுட்டாரு."

அந்தப் பக்கம் பின்னால் எங்கோ மோட்டார் ஒன்று போவது கேட்டது.

"நா எடுத்தாந்துட்டேன்" என்றாள் ஜானகி.

"மா..." திவ்யாவின் குரல் உடைந்தது. "மா, அப்பா பொய் சொன்னாரு. அவரு மட்டும் அடிக்கல."

அண்ணன் பதறிக்கொண்டு மேசைக்கு வந்தார். "பாப்பா, பேசாம இரு. ஜானகி, அது என்னமோ..."

"நாந்தாம்மா அடிச்சேன். இடது பக்கம் முழுக்க நாந்தான். நாந்தான் அடிக்கறேன்னு கேட்டேன். அன்னைக்கு அப்பா சொன்னப்ப நா வாயத் தொறக்கல. அஞ்சு மாசமா அவருகூடப் பேச எனக்கு மொகமே இல்லம்மா."

"தெரியும்" என்றாள் ஜானகி.

அண்ணன் அவளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அன்றைக்கு அடுப்படியில் அவள் "என்னா ஆணி" என்று கேட்கவில்லையே, "எத்தன ஆணி" என்றல்லவா கேட்டாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ரெண்டு மணிக்குப் படுத்தா நா என்ன செத்தா கெடப்பேன்? மொத நாளே டொக்கு டொக்குனு கேட்டுச்சி. எழுந்திரிச்சி வந்தேன். இந்தப் பின்கட்டுக் கதவுக்குப் பின்னாலதான் நின்னேன். நீ ஆணிய வாயில வச்சிருந்த." ஜானகி கப்பலைப் பார்த்தே பேசினாள். "மறுநாளும் வந்து நின்னேன். ஆறு வாரமும் நின்னேன்."

"அப்ப ஏம்மா நிறுத்தச் சொல்லல?"

"நீ சிரிச்சியேடி" என்றாள் ஜானகி.

பிறகு அவளே புருஷனிடம் திரும்பினாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு நேராக அவரிடம் பேசினாள்.

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் வேணாம் வேணாம்னு சொல்றது ஒண்ணுதான். அன்னைக்கு அதக்கூட சொல்லல. திரும்பிப் போயி படுத்துக்கிட்டேன். அப்புறம் நீங்க நாந்தான்னு சொன்னதும், சரி, இவரே வச்சிக்கட்டும்னு விட்டுட்டேன். எனக்குக் கொஞ்சம் லேசா இருக்கும்னு நெனச்சேன். லேசா இல்லீங்க."

அண்ணன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். ஃபோனில் திவ்யா, "பா... பா..." என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். "இருக்காரு, இங்கதான் இருக்காரு" என்று நான்தான் சொன்னேன். வெளியே குப்பை லாரி வந்து, தொட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போயிற்று.

கொஞ்சம் தெளிந்த பிறகு அவர் விரிந்து நின்ற பட்டைகளைத் தொட்டுப் பார்த்தார்.

"ஊற வச்சி மறுபடி அடிக்க முடியாதா?" என்று ஜானகி கேட்டாள்.

"பாக்கலாம். அஞ்சு மாசம் வெளிய வளைஞ்சே காஞ்சிடுச்சி. பழையபடி முழுசா ஒக்காராது."

"ஒக்கார்ற வரைக்கும் ஒக்காரட்டும்."

ஃபோனில் திவ்யா மூக்கை உறிஞ்சினாள். "பா, அடுத்த வாரம் வர்றேன். அது என் பக்கம்."

அவள் வந்தாள். நிவேந்திரன் கொண்டுவந்து விட்டுவிட்டு எங்களோடு சாப்பிட்டார். மருமகன் இலையில் ஜானகி இரண்டு மடங்கு சோறு வைத்தாள். மத்தியானம் நான் வழக்கம்போல வெங்காயம் நறுக்க உட்கார்ந்தேன். இரண்டு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலிகள் இழுபட்டன. மூன்று நாற்காலி. வெந்நீர் ஊற்றுகிற சத்தம். "நல்லா அமுக்கிப் புடி ஜானகி" என்றார் அண்ணன். "புடிச்சிட்டுத்தான இருக்கேன்" என்றாள் அவள். பிறகு டொக் என்றது. கொஞ்சம் நிறுத்தி, மறுபடி டொக்.

கத்தியை வைத்துவிட்டு நான் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வோர் ஆணிக்கும் நடுவில் பழைய இடைவெளிதான் இருந்தது. அந்த இடைவெளியில் இப்போது யாரும் சிரிக்கவில்லை.